கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் மரம்

மரத்தைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது போன வருடம் வரைக்கும் இருந்தது.

அமரவிளைக்குப் பக்கத்தில் ஒரு தடிமில்லில் வேலை செய்கிறேன். தடிமில் என்றால் மரம் அறுக்கிற ஆலை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அங்கே போனவன், இன்றும் அங்கேதான் நிற்கிறேன். லாரியிலிருந்து தடியை உருட்டும்போதே அது என்ன மரம், எவ்வளவு முற்றியது, உள்ளே பொந்து உண்டா என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமைதான் என்னை ஒரு யுகுலேலே கடையில் கவிழ்த்துவிட்டது. பிள்ளைகளே, அந்தக் கதையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

யுகுலேலே என்பது கிதாருக்குத் தம்பி மாதிரி. நாலே நாலு கம்பி. கம்பி என்று பேர்தான், நைலானில் செய்தது. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளோடு படிக்கிற கூட்டுக்காரி ஒருத்தி தன்னுடைய குட்டி யுகுலேலேயை இவளிடம் கொடுத்து வைத்திருந்தாள். பிளைவுட்டில் செய்தது, முதுகெல்லாம் பூனைப் பட ஸ்டிக்கர். அதில்தான் இவள் படித்தாள். அந்தப் பிள்ளை அம்மாவோடு வளைகுடாவுக்குப் போகப் போகிறது, போகும்போது யுகுலேலேயும் போகும் என்று தெரிந்தபோது எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித் தருகிற ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

விழாவில் ஒரு பாட்டு உண்டு. அதன் முதல் சரணத்தில் வேறு ஒன்றும் இருக்காது, இவளுடைய குரலும் யுகுலேலேயும் மட்டும்தான். மைக் கிடையாது. எங்கள் சபையின் மைக் பக்கத்தில் எந்தக் கருவியைக் கொண்டுபோனாலும் குக்கர் மாதிரி விசிலடிக்கும். தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்; அதுவோ பழைய காலத்துக் கட்டடம், நல்ல நீளம். "கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்" என்று பாட்டு டீச்சர் சொல்லிவிட்டார்.

"அப்பா, எனக்கு டெனர் வேணும்" என்று மகள் ஒருநாள் காலையில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்.

"அது என்னத்த?"

"இதவிட அஞ்சு இஞ்சு நீளம். என் விரலு இதுல நெரிபடுது. டெனர்னா சத்தமும் நல்லா வரும். பின்ன, பிளைவுட்டு வேண்டாம். முழு மரத்துல உள்ளது வேணும்."

முழு மரம் என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மரமா? அது அப்பாக்க வேலையாக்கும். நீ ஒண்ணும் பேடிக்க வேண்டாம்."

அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கேட்டியளா, பிள்ளை கேட்டது பாட்டு வாசிக்க உள்ளது. கட்டிலுக்குத் தடி எடுக்கிற மாதிரி எடுத்துக்கிட்டு வந்திராதிய."

நான் சிரித்தேன். அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை நானும் மகளும் பாறசாலையிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரம் போனோம். கிழக்கேக்கோட்டை பக்கம் ரோட்டோரமாக ஒரு இசைக்கருவிக் கடை. கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெண். என்னைவிட வயது குறைவாக இருக்கும். நாங்கள் வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். எந்த இடத்தில் மாறினோம் என்று எங்களுக்கே தெரியாது. அங்கே பேசியதை எல்லாம் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெண் ஐந்து டெனர்களைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் வரிசையாக வைத்தாள். நான் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டேன்.

முதலில் நடுவிலுள்ள வட்டத் துளையின் விளிம்பைப் பார்த்தேன். பிள்ளைகளே, நீங்களும் என்றாவது வாங்கப் போனால் அதைத்தான் முதலில் பாருங்கள். முழு மரமென்றால் மேலே ஓடுகிற ரேகை அந்த விளிம்பில் இறங்கி உள்பக்கமும் தொடரும். பிளைவுட் என்றால் வேஃபர் பிஸ்கட் மாதிரி அடுக்கு தெரியும். இரண்டு கருவிகள் அப்படியே ஒதுங்கின. மூன்றாவதற்கு முன்பலகை மட்டும் முழு மரம். போன் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பார்த்தேன். முதுகின் வெளிப்பக்க ரேகை ஒன்று, உள்பக்க ரேகை வேறொன்று. "இது முதுகு பிளைவுட்டு" என்றேன்.

"ஆமா, நான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள சேட்டன் கண்டுபிடிச்சாச்சு" என்றாள் அந்தப் பெண். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

மிச்சம் இரண்டு. இரண்டும் முழு மரம். கழுத்துப் பகுதியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தேன், பலகை வளைந்திருக்கிறதா என்று மில்லில் பார்ப்போமே அப்படி. நேராக இருந்தது. விரல் வைக்கிற இடத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் ஓரத்தை விரலால் தடவினேன். நன்றாகச் செய்யாததென்றால் அது கையைக் கீறும். கீறவில்லை. உள்ளே பசை வழிந்து கட்டியாகக் கிடக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கடைசியாக மூக்கைத் துளையில் வைத்து மோந்தேன். மரவாசனை உண்டா, பசைவாசனை உண்டா என்று தெரிய வேண்டுமே.

"சேட்டா, அது பூ இல்ல கேட்டோ" என்றாள் அந்தப் பெண். மகள் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள்.

ஒன்று ஈட்டி மரம், ரோஸ்வுட் என்பார்களே அது. கறுப்பும் சிவப்புமாக, பார்த்தாலே கும்பிடத் தோன்றும். இன்னொன்று வெளிறிய மஞ்சள், நடுவே பால் விடாத கட்டன்சாயா கொட்டினது மாதிரி பழுப்பு வரிகள். மகள் அந்த மஞ்சளை எடுத்து மடியில் வைத்து மூன்று நாலு சுரக்கட்டு, கார்டு என்பார்களே, அதை வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய முகம் மாறியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கி வைத்த பிள்ளையின் முகம்.

"இது என்ன மரம்?" என்று கேட்டேன்.

"மாமரம்."

நான் உரக்கச் சிரித்துவிட்டேன்.

ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். எங்கள் மில்லில் மரத்துக்கு மரியாதை உண்டு. ஈட்டியும் தேக்கும் வந்தால் எழுந்து நிற்போம். அயினியும் பிலாவும் வந்தால் வாங்க என்போம். மாந்தடி வந்தால் மூலைக்குத் தள்ளுவோம். கான்கிரீட் போடும்போது அடியில் தட்டடிக்கிற பலகைக்கும் பழப்பெட்டிக்கும்தான் அது. ஒரு மழை நனைந்தால் பூஞ்சை, ஒரு வெயில் கொண்டால் வளைவு, கறையானுக்கோ பாயசம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சாயா குடிக்கும் முன்னால் வீட்டு வாசற்கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள், என்ன மரம் என்று. மாங்கதவு போட்ட வீடு என்றால் அடுத்த வீட்டு விலாசத்தைக் கேட்பார்கள்.

இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தேன். ஈட்டி கனமாக இருந்தது. மாமரம் இருக்கிறதே தெரியவில்லை.

"கனம் உள்ளதுதான் மரம்" என்று சொல்லி ஈட்டியை மேசையில் வைத்தேன்.

"அப்பா, மத்தது..."

"மக்கா, நீ பாட்டப் பாரு. மரத்த அப்பா பாத்துக்கிடுதேன்."

மகள் அந்த மஞ்சளை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "செரி அப்பா" என்றாள்.

பெட்டியில் வைக்கும்போது எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. மேலே முதலில் இருக்கிற கம்பி மெலிதாக இருந்தது. கிதாரில் மேல்கம்பிதானே தடிமன்! "கம்பிய மாத்திக் கட்டியிருக்கு" என்றேன். யுகுலேலேக்கு அப்படித்தான், அந்த மேல்கம்பி உயர்ந்த சுரத்தில்தான் நிற்கும், அதுதான் அதன் துள்ளலே என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பிறகு, "ஒரு வாரத்துக்குள்ள கீறல் படாம கொண்டு வந்தா மாத்தித் தருவேன்" என்றாள். அதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் மகளைப் பார்த்துச் சொன்னாள். அதுவும் எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து மகள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு யுகுலேலே முழுக்கத் தேய்த்தேன். மில்லில் ஈட்டிப் பலகையை வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும்போது அப்படித்தான் செய்வோம். ரேகையெல்லாம் எழுந்து வரும். வந்தது. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்களை அழைத்துக் காட்டினேன். மகள் தலை துவட்டிக்கொண்டு வந்து, எண்ணெய் மினுமினுக்கிற அந்தக் கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்குமா மக்கா?"

"கேக்கும் அப்பா. நல்லா இருக்கு."

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து யுகுலேலே சத்தம் முற்றத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. பளிச்சென்று இருந்தது. ஈட்டின்னா ஈட்டிதான் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவள் கையில் இருந்தது பூனை ஸ்டிக்கர் ஒட்டிய பிளைவுட். ஈட்டி கட்டிலில் கிடந்தது, காய்ச்சல்காரனைப் போலத் துவர்த்துத் துண்டால் மூடிக்கொண்டு.

என்னைக் கண்டதும் பூனையைத் தலையணைக்கு அடியில் சொருகப் பார்த்தாள். அது போகுமா? பாதி வெளியே நின்றது. நான் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அது நல்லா இல்லியா மக்கா?"

"நல்லாதான் இருக்கு. ஆனா... அது உள்ளேயே பாடுது அப்பா. வெளிய வரமாட்டேங்கு."

"பின்ன எதுக்கு நல்லா இருக்குன்னு சொன்ன?"

அவள் துவர்த்தின் நூலைத் திருகிக்கொண்டிருந்தாள். "நீங்க எண்ணெயெல்லாம் தேச்சு வச்சிருந்தீங்க..."

என் பெருமை கெடக் கூடாது என்று ஒரு பிள்ளை, சத்தம் வராத பெட்டியோடு இத்தனை பேர் முன்னால் போய் நிற்கத் தயாராக இருந்திருக்கிறது.

மறுநாள் மில்லில் நானும் என் கூட்டாளியும் பலகை தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். இருபது வருடமாக ஒரே அறுப்பு வாளின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பலகை காய்ந்துவிட்டதா என்று நாங்கள் எப்படிப் பார்ப்போம் தெரியுமா? ஒரு நுனியைத் தரையில் ஊன்றி மறுநுனியை விட்டுவிடுவோம். ஈரம் இருந்தால் தொப்பென்று விழும். காய்ந்திருந்தால் டங்கென்று கேட்கும். அன்றைக்குக் கையில் கிடைத்தது அரை இஞ்சு மாம்பலகை. விட்டேன். பள்ளிக்கூட மணி மாதிரி டங்கென்றது. வாளுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஈட்டித் துண்டை உருவி அதையும் போட்டேன். தொம். மறுபடியும் மாம்பலகையை எடுத்துப் போட்டேன். மறுபடியும் ஈட்டி.

"எலே, உனக்கு என்ன பிடிச்சு? காலையில இருந்து போட்டுப் போட்டு எடுக்க!" என்றான் கூட்டாளி.

நடந்ததைச் சொன்னேன். மறைக்காமல் எண்ணெயையும் சொன்னேன். அவன் பலகை அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எலே, நீ பிள்ளைக்கு வாசக்கதவா எடுக்கப் போன? கதவுக்குக் கனம் பாக்கணும். எங்க அம்பலத் திருவிழாவுல செண்டை மேளத்துக்குத் தோல் கட்டுவாங்கல்லா, கனமாவா கட்டுவாங்க? கனத்த தோல அடிச்சா ஆன கூட திரும்பிப் பாக்காது."

அவன் சொல்லிவிட்டு அடுத்த பலகையைத் தூக்கினான். இருபது வருடமாகக் காதால் மரம் பார்க்கிறவன், ஒரு பாட்டுக் கருவியை எடுக்கப் போய் கண்ணால் பார்த்தேன், கையால் தூக்கினேன், மூக்கால் மோந்தேன். காதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மகளுக்குச் சந்தோஷம் வந்தது, உடனே போய்விட்டது. "எண்ணெய் தேச்சத எடுப்பாங்களா?" என்றாள். என் மனைவி பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து துடைத்தாள். மினுக்கம் போயிற்று, வாசனை போகவில்லை. "முறுக்கு சுட வச்சிருந்த எண்ணெயாக்கும்" என்று அவள் அன்று எத்தனை தடவை சொன்னாள் என்று நான் எண்ணவில்லை.

வியாழக்கிழமை அந்தக் கூட்டுக்காரிப் பிள்ளை வந்து பூனையை வாங்கிக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் கேட்டில் நின்று அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் இருந்தது ஈட்டி ஒன்றுதான். மகள் அதை அழுத்தி அழுத்தி வாசித்து விரல்நுனியெல்லாம் சிவந்துபோனது. ஞாயிறு விழா. சனிதான் கடை சொன்ன தவணையின் கடைசி நாள்.

சனிக்கிழமை அதே ரயில். கடைக்குள் நுழைந்ததும் மகள் சுவரைத்தான் பார்த்தாள். மாமரம் தொங்கிய கொக்கி காலியாக இருந்தது. அவள் என் விரலைப் பிடித்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்தது அன்றைக்குத்தான்.

கடைக்காரப் பெண் முதலில் எங்கள் பெட்டியைத் திறந்தாள். ஈட்டியைத் தூக்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மோந்தாள்.

"இது... வெளிச்செண்ணெயா?"

"ஒரு அழகுக்காக..." என்றேன்.

"சேட்டா, இனி இதுல பப்படம் பொரிக்க வேண்டியதுதான் பாக்கி." துளைக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். "உள்ள போகல்ல. மேல வார்னிஷ் இருக்கிறதால தப்பிச்சுது. துடைச்சா போயிரும், மாத்தித் தரேன்." பிறகு மேசைக்கு அடியில் குனிந்து மஞ்சள் யுகுலேலேயை எடுத்து வைத்தாள். "மோளுக்க முகத்தப் பாத்து எடுத்து வச்சேன். புதன்கிழமையே வருவீங்கன்னு நினைச்சேன்."

மகளின் பிடி தளர்ந்தது. நான் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு ஆசை. "மக்கா, போன தடவ மாதிரி இல்ல, இந்தப் பிராவசியம் நான் பாக்க மாட்டேன். நீ வாசி, நான் கேக்கேன்" என்றேன். கடைக்கு வெளியே படியில், ரோட்டைப் பார்த்து, கடைக்கு முதுகைக் காட்டி நின்றேன். புதிதாக வந்த மகாகனி டெனர் ஒன்றையும் அந்தப் பெண் சேர்த்துக் கொடுத்தாள். முன்னால் பஸ்கள். கண்டக்டர்கள் "பாலராமபுரம், நெய்யாற்றின்கர" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கருவியிலும் அதே நாலு வரி.

முதலாவது, பஸ் ஸ்டார்ட் ஆனதும் காணாமல் போயிற்று. அது ஈட்டி என்று எனக்கே தெரிந்துவிட்டது. இரண்டாவது, ஹாரனுக்கு இடையில் தலையை நீட்டி வந்தது. மூன்றாவதும் வந்தது. சூடான கல்லில் தண்ணீர் தெளித்தமாதிரி வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: இரண்டாவதா மூன்றாவதா எது மேல் என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். அப்போதும் முடியவில்லை.

உள்ளே திரும்பி, "ரெண்டும் நல்லா இருக்கு மக்கா. எனக்குத் தெரியல்ல. நீ சொல்லு" என்றேன்.

"இது" என்றாள், ஒரு நொடி யோசிக்காமல். மடியில் மாமரம் இருந்தது. போன சனிக்கிழமையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ரயிலில் திரும்பும்போது மகள் பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. பாலராமபுரம் தாண்டினதும் நான் சொன்னேன்: "இனிமே நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு அப்பாகிட்ட சொல்லணும்."

"அப்பம் நீங்களும் சொல்லணும். எனக்க பாட்டு எப்பவும் நல்லா இருக்குன்னு சொல்லுவீங்க."

"செரி."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு ஓய்வுநாள் பள்ளியில சொல்லித் தரல்லியா? செரின்னா செரி."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. நான் வேண்டுமென்றே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என் கூட்டாளி வேட்டியும் சந்தனப்பொட்டுமாக வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவனும் அவன் அம்பல உற்சவத்துக்கு நானும் போகாமல் இருந்ததில்லை. மகள் முன்னால் வந்து நின்றாள். அந்த நீளமான கோயிலில் அவள் இத்துணூண்டாகத் தெரிந்தாள். மேலே ஃபேன்கள் கடகடவென்று சுற்றின. கடைசி பெஞ்சுக்குச் சத்தம் வந்து சேருமா என்று நான் முன்னால் சாய்ந்தேன்.

அவள் விரல் ஓடியது. வந்து சேர்ந்தது. ஃபேனைத் தாண்டி, குழந்தைகள் சிணுங்குவதைத் தாண்டி, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நடந்து வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதல் சரணம் தமிழில் அவள் ஒருத்தியாகப் பாடினாள். இரண்டாவது சரணத்தில் எல்லாரும் மலையாளத்தில் சேர்ந்துகொண்டார்கள். நானும் பாடினேன்.

கூட்டாளி என் காதுக்கு அருகே வந்தான். "எலே, இது மாந்தடியா?"

"மாந்தடிதான்."

"இத்தன வருசமா நாம இதுக்க மேல சிமென்டு இல்லியா கொட்ட விட்டோம்!"

முன் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா திரும்பி முறைத்தார். இரண்டு பேரும் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டோம்.

ஆராதனை முடிந்து வெளியே சாயாவும் கேக்கும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு மகள் ஓடி வந்தாள். யுகுலேலே மார்போடு இருந்தது.

"அப்பா, கடைசி பெஞ்சுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது மக்கா. ஒண்ணு விடாம கேட்டுது."

அவள் நகரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். ரயிலில் பேசியதுதான். எனக்கும் அது நினைவுக்கு வந்துவிட்டது. தப்பிக்க வழியில்லை.

"முதல் சரணத்துல, மூணாவது வரியில, ஒரு இடத்துல விரலு மாறிப் போச்சு" என்றேன்.

அவள் வாய் பிளந்தது. "அய்யோ, அதும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுதா!" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கேக்கைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.